பெட்டிக்குள் பெட்டி



தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இருபது ஆண்டுகளாகப் பாடம் சொல்லிக் கொடுத்து வரும் ஆசிரியை நான். எழுத்தும் கணக்கும்தான் என் தொழில். ஆனால் இன்று நான் பேசப்போவது, கைப்பேசியிலும் கணினியிலும் நாம் பார்க்கும் திரையைப் பற்றி. அந்தத் திரை சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம், அதைச் செய்பவர்கள் எப்படிச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றி. "டீச்சருக்கு இந்த வேலை எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் ஒரு தாய். அவருடைய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் பிற்பகல், பள்ளி விட்ட நேரம். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் அந்தத் தாய், வேலை உடுப்போடு அப்படியே என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். எங்கள் பள்ளியில் அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஐந்தாம் ஆண்டு, இளையவள் இரண்டாம் ஆண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கான ஓர் உதவித் தொகைக்கு அவர் தமது கைப்பேசி வழியாகவே விண்ணப்பம் அனுப்பியிருந்தார். மூத்தவனுக்குக் கிடைத்துவிட்டது. இளையவளின் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது. காரணம் கேட்கப் போனபோது, "இரண்டு பிள்ளைக்கும் ஒரே பிறப்புப் பத்திர எண்ணைப் போட்டிருக்கிறீர்கள். தவறு உங்களுடையது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"நான் ஒழுங்காத்தான் அமுக்குனேன் டீச்சர். எப்படி மாறிப் போச்சுன்னே தெரியல. நான் படிக்காதவ, எங்கயோ தப்பாத் தொட்டுட்டேன் போல" என்றார் அவர்.

நேயர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் மனத்துக்குள் அப்படித்தான் நினைத்தேன். இருந்தாலும், "வாங்கம்மா, உட்காருங்க, பார்ப்போம்" என்று சொல்லி, அந்த விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தேன். மேலே இரண்டு பிள்ளைகளின் பெயர்கள். ஒரு பெயரைத் தொட்டால், கீழே அந்தப் பிள்ளைக்குரிய கட்டங்கள் வரும். நான் இளையவளின் பெயரைத் தொட்டேன். கட்டம் காலியாக வந்தது. எண்ணைப் போட்டேன். எல்லாம் சரியாகவே இருந்தது. "பாருங்கம்மா, சரியாத்தானே வருது?" என்றேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. கணக்கில் பிள்ளை தப்பு விட்டால், நான் போட்டுக் காட்டுவதற்கு முன், "நீ எப்படிப் போட்டாய், அதையே எனக்குச் செய்து காட்டு" என்றுதான் கேட்பேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்த பாடம் அது. பிள்ளையிடம் கேட்கிறோம், தாயிடம் கேட்க மறந்துவிட்டோமே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. "அம்மா, நீங்க அன்னிக்குச் செஞ்ச மாதிரியே இப்பச் செய்யுங்க. அனுப்ப வேண்டாம், நிரப்பிக் காட்டுங்க, போதும்" என்று கைப்பேசியை அவரிடமே கொடுத்தேன்.

அவர் முதலில் மூத்தவனின் பெயரைத் தொட்டார். அவனுடைய பிறப்புப் பத்திர எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்துப் பார்த்துப் போட்டார். பிறகு இளையவளின் பெயரைத் தொட்டார். மேலே பெயர் மாறியது. ஆனால் கீழே கட்டம் காலியாகவில்லை! மூத்தவனின் எண் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"அன்னிக்கும் இப்படித்தான் டீச்சர் இருந்துச்சு. கட்டம் நிரம்பியே இருந்ததால, அவுங்களே போட்டுட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

ஆக, தவறு அந்தத் தாயுடையதன்று. திரையுடையது. இருவரும் ஒரே திரையைத்தான் தொட்டோம். ஆனால் நான் தொட்ட வழியில் பிழை ஒளிந்துகொண்டது. அவர் தொட்ட வழியில் வெளிப்பட்டது. இது ஏன் என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

எங்கள் பள்ளியில் படித்த ஒரு மாணவி இப்போது நகரத்தில் கணினிக்கு நிரல் எழுதும் வேலையில் இருக்கிறாள். விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்திருந்தவளிடம் இதைக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே, "டீச்சர், இது எங்க வேலையில அடிக்கடி நடக்குற பிழை. திரைங்கிறது ஒரே பெட்டி இல்லை, பெட்டிக்குள்ள பெட்டி" என்றாள். அவள் சொன்னதை என் சொற்களில் உங்களுக்குச் சொல்கிறேன்.

நாம் பார்க்கும் திரை ஒரே பலகை போலத் தோன்றினாலும், அது பல சிறு பகுதிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிச் செய்தது. வெளியே ஒரு பெரிய பெட்டி. அது முழு விண்ணப்பம். அதற்குள் பிள்ளைகளின் பெயர் வரிசை ஒரு பெட்டி. விவரப் படிவம் இன்னொரு பெட்டி. அந்தப் படிவத்துக்குள் எண் போடும் கட்டம், வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் கட்டம் என்று மேலும் சிறு பெட்டிகள். இப்படித் திரையைத் துண்டு துண்டாகச் செய்து சேர்க்கும் முறை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. ஃபேஸ்புக் நிறுவனம் 2013ஆம் ஆண்டில் எல்லாருக்கும் பொதுவாக வெளியிட்ட 'ரியாக்ட்' என்னும் கருவி இந்த முறையைப் பரப்பியவற்றுள் முக்கியமானது.

இந்தப் பெட்டிகளில் சிலவற்றுக்குச் சொந்த ஞாபகம் உண்டு. எண் போடும் கட்டம், நீங்கள் இதுவரை எத்தனை இலக்கம் போட்டீர்கள் என்பதை நினைவில் வைத்திருக்கும். பெயர் வரிசை, எந்தப் பெயர் இப்போது தொடப்பட்டிருக்கிறது என்பதை நினைவில் வைத்திருக்கும். அந்த ஞாபகத்தைத்தான் நிரல் எழுதுவோர் 'உள் நிலை' என்கிறார்கள்.

இனி, அந்தத் தாய்க்கு நடந்தது என்ன? நம்முடைய லயத்து வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நம்பர் வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது. அது வேறு தோட்டத்துக்குப் போய்விட, அதே வீட்டுக்கு வேறொரு குடும்பம் வருகிறது. தோட்டத்து ஆபீஸ் கிராணி ஆளைப் பாராமல் வீட்டு நம்பரை மட்டும் பார்க்கிறவர் என்று வையுங்கள். அவர் என்ன செய்வார்? "ஐந்தாம் நம்பர்தானே, பழைய கணக்கே இருக்கட்டும்" என்று, போன குடும்பத்தின் ஸ்டோர்க் கடனை வந்த குடும்பத்தின் தலையில் எழுதிவிடுவார். அந்தத் திரையும் அப்படித்தான் செய்தது. வெளிப்பெட்டியில் மூத்தவன் போய் இளையவள் வந்துவிட்டாள். ஆனால் உள்ளிருந்த கட்டம் அதே இடத்தில் இருந்ததால், "அதே கட்டம்தானே" என்று தன் பழைய ஞாபகத்தை அப்படியே வைத்துக்கொண்டது.

இதற்கு மருந்து என்ன? கிராணி வீட்டு நம்பரோடு குடும்பத்தின் பெயரையும் எழுதி வைத்தால் போதும். குடும்பம் மாறினால் புதுக் கணக்கு. அதுபோலவே, அந்தப் படிவத்தின் மீது "இது இன்ன பிள்ளையுடையது" என்று ஓர் அடையாளத்தை நிரலில் எழுதி வைத்தால், பிள்ளை மாறும்போது உள்ளே இருக்கும் ஞாபகம் துடைக்கப்பட்டுப் புதுக் கட்டம் வரும். ஒரு வரி எழுதினால் தீர்ந்துவிடும் என்றாள் என் மாணவி.

நான் அவளைக் கேட்டேன்: "ஒரு வரியில் தீரும் பிழையை, வெளியிடுவதற்கு முன்பே ஏன் கண்டுபிடிக்கவில்லை? சோதித்துப் பார்க்க மாட்டீர்களா?"

"சோதிப்போம் டீச்சர். ஆனா எப்படிச் சோதிக்கிறோம்கிறதுல ரெண்டு வழி இருக்கு" என்றாள்.

முதல் வழி, பெட்டியைப் பிரித்து உள்ளே பார்ப்பது. திரையைச் சோதிப்பதற்கென்றே சிறு நிரல்கள் எழுதுவார்கள். அந்தச் சோதனை நிரல், ஒரு பெட்டியை மட்டும் தனியே எடுத்து, "உன் ஞாபகத்தில் இப்போது என்ன இருக்கிறது?" என்று நேராக அதன் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கும். ஏர்பிஎன்பி நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'என்சைம்' என்னும் கருவி இதற்கு வசதி செய்து கொடுத்தது. வெளிப்பெட்டியை மட்டும் உண்மையாகச் செய்து, உள்பெட்டிகளை வெறும் பெயர்ப்பலகையாக விட்டுவிடும் முறையும் அதில் உண்டு. சோதனை வேகமாக முடியும்.

இந்த வழியில் இரண்டு குறைகள் இருக்கின்றன. வெளிப்பெட்டியைத் தனியே கேட்டால், "இளையவள் தொடப்பட்டிருக்கிறாள்" என்று சரியாகச் சொல்லும். உள்கட்டத்தைத் தனியே கேட்டால், "போட்ட எண்ணை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று அதுவும் சரியாகவே சொல்லும். இரண்டுமே தேர்ச்சி! ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இளையவளின் பெயருக்குக் கீழே மூத்தவனின் எண். பிழை பெட்டிகளில் இல்லை. பெட்டிகளுக்கு இடையில் இருந்தது. தனித்தனியே பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. இது முதல் குறை.

இரண்டாவது குறை இதற்கு நேர்மாறானது. நிரல் எழுதுபவர் உள்ளே ஒரு பெயரை மாற்றி வைத்தாலோ, ஞாபகத்தை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலோ, எட்டிப் பார்க்கும் சோதனை "தவறு, தவறு" என்று கூவும். பயன்படுத்துபவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது; திரை நன்றாகவே வேலை செய்யும். இல்லாத தவறுக்குக் கூவுகிற நாய், திருடன் வரும்போது கூவினாலும் யாரும் எழுந்து பார்க்க மாட்டார்கள் அல்லவா?

இரண்டாவது வழி, பயன்படுத்துபவர் எப்படித் தொடுவாரோ அப்படியே தொட்டுப் பார்ப்பது. நமக்குப் புதிய வழியன்று இது. செம்பனைக் குலை பழுத்துவிட்டதா என்று மண்டோர் எப்படிப் பார்க்கிறார்? ஒவ்வொரு குலையையும் பிளந்து எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கிறாரா? இல்லை. மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்க்கிறார். உள்ளே நடந்த மாற்றம் வெளியே தரையில் தெரிகிறது. திரையிலும் அப்படித்தான். உள்ளிருக்கும் ஞாபகம் எதுவானாலும், அது கடைசியில் திரையில் ஓர் எழுத்தாகவோ, ஒரு பொத்தானாகவோ, அனுப்பப்படும் ஒரு விவரமாகவோ வெளியே வந்துதான் தீர வேண்டும். அங்கே நின்று பாருங்கள் என்கிறது இந்த வழி.

கென்ட் டாட்ஸ் என்னும் அமெரிக்க நிரலாளர் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனைக் கருவி இந்தக் கொள்கையின் மேல் கட்டப்பட்டது. பெட்டியின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கும் வசதியையே அவர் அதில் வைக்கவில்லை. திரையில் தெரியும் பெயரைக் கொண்டு கட்டத்தைத் தேடு; எழுது; பொத்தானை அமுக்கு; என்ன தெரிகிறது என்று படி. இவ்வளவுதான். அடுத்த ஆண்டு, 2019இல், ரியாக்ட் கருவியிலேயே ஞாபகத்தை எழுதி வைக்கும் முறை மாறியது. பழைய முறையில் எட்டிப் பார்த்த சோதனைகள் புதிய பெட்டிகளுக்குள் எட்டிப் பார்க்க முடியாமல் போயின. வெளியே நின்று பார்த்த சோதனைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. உள்ளே ஞாபகத்தை எங்கே வைத்தாலும், வெளியே தெரிவதைத்தானே அவை பார்த்தன!

இனி நம் தாயின் விண்ணப்பத்துக்கு ஒரு நல்ல சோதனை எப்படி இருக்கும் என்று சொல்லிப் பார்ப்போம். உள்பெட்டிகளையும் உண்மையாகவே சேர்த்து, முழு விண்ணப்பத்தையும் திறக்க வேண்டும். மூத்தவனின் பெயரைத் தொட வேண்டும். எண்ணைப் போட வேண்டும். இளையவளின் பெயரைத் தொட வேண்டும். இப்போது கட்டம் காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவளுடைய எண்ணைப் போட வேண்டும். திரும்பவும் மூத்தவனுக்கே போக வேண்டும். அவனுடைய எண் அழியாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில், அனுப்பும் விவரத்தில் இரண்டு பிள்ளைக்கும் இரண்டு எண்கள் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். வருகிற புதன்கிழமை நம் வீட்டுப் பிள்ளை ஒன்றே உட்கார்ந்து செய்யக்கூடிய சோதனைதான் இது.

இப்படிச் சொல்வதால், சிறு பெட்டிகளைத் தனியே சோதிக்கவே வேண்டாம் என்பதில்லை. கூட்டல் கழித்தல் செய்கிற பகுதியைத் தனியே சோதிப்பது நல்லது. ஆனால் தனியே தேறியது சேர்ந்தும் தேறுமா என்பதை, பயன்படுத்துபவரின் கையைக் கொண்டே பார்த்தாக வேண்டும்.

நேயர்களே, "ஓர் எண் மாறிப் போனதற்கு இவ்வளவு பேச்சா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இதே வகைப் பிழை மனித உயிரைக் குடித்த வரலாறு ஒன்று உண்டு. இது கதையன்று, நடந்தது.

கனடா நாட்டின் அணுசக்தி நிறுவனமான ஏஇசிஎல், புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை தரும் ஓர் இயந்திரத்தைச் செய்தது. அதன் பெயர் தெராக்-25. கனடாவிலும் அமெரிக்காவிலுமாக 11 இயந்திரங்கள் வைக்கப்பட்டன. 1985ஆம் ஆண்டு ஜூன் மாதத்துக்கும் 1987ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துக்கும் இடையில், அந்த இயந்திரங்களால் ஆறு நோயாளிகள் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அதனால் உயிரிழந்தவர்களும் உண்டு.

அந்த இயந்திரத்துக்கு இரண்டு வகை வேலை. ஒன்று, மென்மையான மின்னணுக் கதிர். அதற்குத் திரையில் 'இ' என்று எழுத வேண்டும். மற்றது எக்ஸ் கதிர். அதற்கு 'எக்ஸ்' என்று எழுத வேண்டும். எக்ஸ் கதிருக்கு இயந்திரம் மிகக் கடுமையான வேகத்தில் ஓடும். ஆனால் இடையில் ஒரு தடுப்பு வந்து நின்று அந்தக் கடுமையைத் தாங்கிக்கொள்ளும்.

1986ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள டைலர் நகரம். ஒரு நோயாளிக்கு மின்னணுக் கதிர் கொடுக்க வேண்டும். இயந்திரத்தை இயக்கும் பெண் பழக்கத்தில் 'எக்ஸ்' என்று எழுதிவிட்டார். தவறை உடனே கண்டுகொண்டார். மேலே போகும் விசையை அமுக்கி, 'எக்ஸ்' என்பதை 'இ' என்று மாற்றினார். மற்ற விவரங்கள் சரியாகவே இருந்ததால் அவற்றை வேகமாகத் தாண்டிக் கீழே வந்தார். திரை எல்லாம் சரி என்று காட்டியது. தொடங்கும் விசையை அமுக்கினார்.

திரையில் இருந்தது 'இ'. தடுப்பும் 'இ' என்பதற்கு ஏற்ப விலகி நின்றது. ஆனால் இயந்திரத்தின் இன்னொரு பகுதி, முதலில் எழுதிய 'எக்ஸ்' என்பதையே ஞாபகத்தில் வைத்திருந்தது. காந்தங்களைச் சரிப்படுத்த அந்த இயந்திரத்துக்குச் சுமார் 8 விநாடிகள் பிடிக்கும். அந்த 8 விநாடிகளுக்குள் செய்யப்பட்ட திருத்தத்தை அது கவனிக்கவே இல்லை. தடுப்பு இல்லாமல், முழுக் கடுமையோடு கதிர் பாய்ந்தது. 180 ராட் அளவு பெற வேண்டியவர், 16,500 ராட் அளவுக்கும் மேலே பெற்றார் என்று பின்னர் கணக்கிட்டார்கள். திரையோ 'கோளாறு 54' என்று மட்டும் சொல்லி, குறைவாகத்தான் கதிர் சென்றது என்றும் காட்டியது. அவர் மீண்டும் தொடர் விசையை அமுக்க, மறுபடியும் கதிர் பாய்ந்தது. ஐந்து மாதங்களுக்குப் பின் அந்த நோயாளி இறந்தார்.

இயந்திரம் செய்தவர்கள் வந்து பார்த்தார்கள். அவர்கள் கையில் அந்தக் கோளாறு வரவே இல்லை. அளவுக்கு மிஞ்சிக் கதிர் தர இந்த இயந்திரத்தால் முடியாது என்றார்கள். இயந்திரம் மீண்டும் ஓடியது. ஏப்ரல் மாதம் அதே மருத்துவமனையில், அதே பெண் இயக்கும்போது, அதே 'கோளாறு 54'. இன்னொரு நோயாளி அடுத்த மாதமே இறந்தார்.

இந்த முறை, மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர் என்பவர் வேறு விதமாக ஆராய்ந்தார். இயந்திரத்தை இயக்கிய பெண்ணையே அழைத்து, "அன்று நீங்கள் செய்ததை அப்படியே திரும்பச் செய்வோம்" என்று இருவரும் சேர்ந்து முயன்றார்கள். பலமுறை செய்து பார்த்தபின் கோளாறு வெளிப்பட்டது. காரணம், வேகம்! நாள்தோறும் அந்த வேலையைச் செய்து கை தேர்ந்த பெண் அவர். மெதுவாகத் தட்டுகிறவர்கள் கையில் பிழை ஒளிந்துகொண்டது. அவர் வேகத்தில் தட்டியபோதுதான் வெளியே வந்தது.

அவசரத் தீர்வாக அந்த நிறுவனம் சொன்னது என்ன தெரியுமா? மேலே போகும் விசையைப் பலகையிலிருந்து கழற்றிவிடுங்கள் என்பது! திருத்திக்கொள்ளும் வழியையே அடைத்துவிட்டார்கள். இது போதாது என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கூறிவிட்டது. நான்சி லெவ்சன், கிளார்க் டர்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த விபத்துகளை முழுவதும் ஆராய்ந்து 1993இல் எழுதினார்கள். இன்றும் கணினி படிக்கும் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். முந்திய இயந்திரமான தெராக்-20இலும் இதே வகைப் பிழை இருந்தது என்பதும் தெரிய வந்தது. ஆனால் அதில் தனிப் பூட்டுகள் இருந்ததால் ஆபத்து நேரவில்லை. புதிய இயந்திரத்தில் நிரலை நம்பிப் பூட்டுகளை எடுத்துவிட்டார்கள்.

இனி, அந்த டைலர் நகரத்து இயந்திரத்தையும் எங்கள் பள்ளி வாசலில் நின்ற தாயின் கைப்பேசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று உயிர், மற்றது உதவித் தொகை. அளவு வேறு, அமைப்பு ஒன்றே. இரண்டிலும் வெளியே ஒன்று மாறியது, உள்ளே ஒன்று மாறாமல் நின்றது. இரண்டிலும் முன்னே மட்டும் போனவர்களுக்குப் பிழை தெரியவில்லை. திரும்பி வந்து ஒன்றை மாற்றியவருக்கே தெரிந்தது. இரண்டிலும் செய்தவர்கள், "எங்களுக்குச் சரியாகத்தானே வருகிறது" என்றார்கள். இரண்டிலும் உண்மையை வெளிக்கொணர்ந்தது, நாள்தோறும் அதைத் தொட்டுப் பழகும் ஒரு பெண்ணின் கை.

ஆகவே நேயர்களே, நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. இன்று விண்ணப்பமும் வங்கியும் பிள்ளைகளின் படிப்பும் திரைக்குள் வந்துவிட்டன. அதிலிருந்து நாம் ஒதுங்கி நிற்க முடியாது. ஒதுங்கவும் வேண்டாம்.

முதலாவது, ஒரு பெயரையோ தேதியையோ வகுப்பையோ மாற்றிய பிறகு, அதற்குக் கீழே உள்ள கட்டங்கள் எல்லாவற்றையும் மறுபடியும் படித்துப் பாருங்கள். தானே நிரம்பியிருக்கும் கட்டத்தை நம்பிவிடாதீர்கள். அது யாருடைய பழைய ஞாபகமோ!

இரண்டாவது, அனுப்புவதற்கு முன் முழு விவரத்தையும் ஒருமுறை காட்டும் பக்கம் இருந்தால், பிறப்புப் பத்திரத்தையும் அடையாளக் கார்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். கண் சரியாகத் தெரியாத பாட்டி தாத்தாவுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டுங்கள்.

மூன்றாவது, கோளாறு ஏற்பட்டால் கோபப்படுவதற்கு முன் எழுதி வையுங்கள். முதலில் எதைத் தொட்டேன், பிறகு எதை மாற்றினேன், அப்போது திரையில் என்ன இருந்தது என்று வரிசையாக எழுதுங்கள். திரையைப் படம் பிடித்தும் வைக்கலாம். "வேலை செய்யவில்லை" என்று சொல்பவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "இதைத் தொட்டு, இதை மாற்றினால், இப்படி வருகிறது" என்று சொல்பவரை அவ்வளவு எளிதில் அனுப்பிவிட முடியாது.

நான்காவது, கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நாளை நீங்களே இத்தகைய திரைகளைச் செய்வீர்கள். உங்கள் பெட்டி சரியாக இருக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதை உங்கள் அம்மாவின் கையில் கொடுங்கள். அவர் பின்னே போவார், மாற்றுவார், இரண்டு முறை அமுக்குவார், பாதியில் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டு வருவார். அவர் கையில் தேறினால்தான் அது தேறியது.

அந்தத் தாய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவர் செய்ததை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டு ஒரு தாளில் எழுதினோம். கீழே அவரே கையெழுத்திட்டார். அதை எடுத்துக்கொண்டு போனபோது, அங்கிருந்தவர்கள் தங்கள் முன்னாலேயே அதைச் செய்து பார்த்தார்கள். எண் மாறாமல் அப்படியே நின்றதைக் கண்டதும் விண்ணப்பத்தைத் திருத்தி ஏற்றுக்கொண்டார்கள். பணம் வந்து சேர்ந்தபோது பள்ளி திறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. சப்பாத்தும் பையும் அதற்குள் கடனில் வாங்கியாகிவிட்டது. அந்தக் கடனைக் கட்டத்தான் அந்தப் பணம் உதவியது.

பணம் வந்த செய்தியைச் சொல்ல வந்த அன்று அவர், "அப்ப நான் தப்பா அமுக்கல, இல்ல டீச்சர்?" என்று கேட்டார். "இல்லம்மா. நீங்க அமுக்குனதுலதான் தப்பே தெரிஞ்சது" என்றேன்.

திரையில் ஏதோ தவறிவிட்டதென்றால், "நான் படிக்காதவள்" என்று தலை குனிந்து திரும்பிவிடாதீர்கள். செய்ததைச் செய்தபடி சொல்லுங்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கட்டும்.